குரோமியம் பிடிக்கும் பொடி கையில் இருக்கிறது. ராணிப்பேட்டையில் யார் வாங்குவார்?

காட்பாடி ஆய்வாளர் | 3 மார்ச் 2025

முனைவர் பட்டத்துக்காக இரும்பு ஆக்சைடும் கைட்டோசானும் (இறால் ஓட்டிலிருந்து எடுப்பது) சேர்ந்த ஒரு நுண்பொடி செய்திருக்கிறேன். ஆறு இணைதிறன் குரோமியத்தை (அதிக நச்சுள்ள வடிவம்) கிராமுக்கு 180 மில்லிகிராம் பிடிக்கிறது. ஒரு கட்டுரை வெளிவந்துவிட்டது. பொடியை மணிகளாக உருட்டும் முறை பற்றி இரண்டாவது கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆய்வேடு கொடுக்க ஓராண்டு இருக்கிறது. சுற்றிலும் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் என்று டேனரிகள் (தோல் பதனிடும் ஆலைகள்). முதலீடு போட ஒருவர் கிடைத்தால் ஆறு மாதத்தில் விற்பனைக்கு வந்துவிடும் என்பது என் கணிப்பு. எங்கே தொடங்குவது?

பாலாற்றங்கரை | 3 மார்ச் 2025

முதலீட்டாளர் கடைசியில் வரட்டும். முதலில் எந்தத் தண்ணீர் என்று பார்ப்போம்.

டேனரி டிரம்மில் போடுவது பேசிக் குரோமியம் சல்பேட். அதில் இருப்பது மூன்று இணைதிறன் குரோமியம். உங்கள் பொடி பிடிப்பதோ ஆறு. வழக்கமான பதனிடலில் போட்ட குரோமில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் தோலில் ஏறும், மிச்சம் லிக்கரோடு (டிரம்மில் மிஞ்சும் நீர்) வெளியே வரும். அந்த லிக்கரைத் தனியாகப் பிடித்து, மக்னீசியம் ஆக்சைடு போட்டு பி.ஹெச்.சை 8-க்கு மேல் ஏற்றி, படிகிற குரோமியம் ஹைட்ராக்சைடைக் கந்தக அமிலத்தில் கரைத்து மறுபடி டிரம்முக்கே அனுப்புவது இந்தப் பக்கம் தெரிந்த முறைதான். மூட்டையில் வரும் மக்னீசியம் ஆக்சைடோடு உங்கள் பொடி விலையில் மோத முடியாது. மோதவும் வேண்டாம், ஏனென்றால் அது வேறு குரோமியம்.

ஆறு இணைதிறன் இருக்கும் இடங்கள் வேறு. ராணிப்பேட்டை சிப்காட்டில் மூடிக்கிடக்கும் தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலையின் கழிவுக் குவியலைச் சுற்றியுள்ள நிலத்தடி நீர் ஒன்று. குரோம் முலாம் பூசும் பட்டறைகளின் கழுவு நீர் இன்னொன்று. முதலாவதில் பணம் கொடுப்பவர் அரசு, டெண்டர் வழியாக, எப்போது என்று சொல்ல முடியாது. இரண்டாவதில் பணம் கொடுப்பவர் பட்டறை முதலாளி, மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் எடுத்த மாதிரி தேறாமல் போன அன்றே. ஒரு புதுப் பொருளுக்கு முதல் வாடிக்கையாளர் இரண்டாமவர்தான்.

பாலாற்றங்கரை | 4 மார்ச் 2025

உங்கள் கட்டுரையில் டைபினைல்கார்பசைடு (ஆறு இணைதிறனோடு நிறம் தரும் பொருள்) போட்டு 540 நானோமீட்டரில் மட்டும் அளந்திருந்தால், கரைசலில் ஆறு இணைதிறன் மறைந்தது என்றுதான் தெரியும். அது பொடியில் ஒட்டியதா, அல்லது உங்கள் இரும்பு ஆக்சைடில் உள்ள இரண்டு இணைதிறன் இரும்பு அதை மூன்றாகக் குறைத்துக் கரைசலிலேயே விட்டதா என்று தெரியாது. அதே மாதிரியில் ஏ.ஏ.எஸ். அல்லது ஐ.சி.பி. (எந்த வடிவமானாலும் உலோகத்தை அளக்கும் கருவிகள்) கொண்டு மொத்தக் குரோமியமும் எடுங்கள். வாரியத்தின் வரம்பு இரண்டுக்கும் தனித்தனி: உள்நாட்டு நீர்நிலையில் விட ஆறு இணைதிறன் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம், மொத்தம் 2. ஒன்றில் தேறி மற்றதில் தவறும் பொருள் விற்காது.

ராணிப்பேட்டை ஈ.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு) | 5 மார்ச் 2025

தம்பி, முலாம் பட்டறைல நாங்க ஆசிட் விட்டு பி.ஹெச். 2.5 ஆக்கி, மெட்டாபைசல்பைட் போட்டு, பச்சை நிறம் வந்ததும் சுண்ணாம்பு போட்டு படிய வைப்போம். பெரஸ் சல்பேட்டும் ஓடும், ஆனா சகதி ஜாஸ்தி. இதுக்கு மேல உங்க பொடி என்ன செய்யும்னு ஒரு வரில சொல்லுங்க.

பாலாற்றங்கரை | 6 மார்ச் 2025

மேலே கேட்டிருக்கும் கேள்விக்குக் கணக்கில் பதில் சொல்லிப் பார்க்கலாம். நாளுக்கு 10,000 லிட்டர், லிட்டருக்கு 20 மில்லிகிராம் ஆறு இணைதிறன் குரோமியம் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 200 கிராம் குரோமியம். மெட்டாபைசல்பைட் வேதிக் கணக்குப்படி குரோமியத்தின் எடையைப்போல் 2.7 மடங்கு, அதாவது அரைக் கிலோவுக்குச் சற்று மேல். கூடுதலாகப் போட்டாலும் ஒரு கிலோ. பெரஸ் சல்பேட் 16 மடங்கு, 3.2 கிலோ. உங்கள் பொடி 180 என்ற எண் முழுதாகக் கிடைத்தாலே 1.1 கிலோ, அதுவும் தினமும். இந்த வேலையில் நீங்கள் தோற்பது உறுதி.

ஆனால் மருந்து போடும் முறையின் பலவீனம் கடைசிப் படியில் இருக்கிறது. ஷிப்ட் மாறும்போது டோசிங் தவறினால், மருந்து போதுமா என்று காட்டும் ஓ.ஆர்.பி. மீட்டர் அழுக்கேறினால், 0.1 இருக்க வேண்டிய இடத்தில் 1 வந்துவிடும். அந்த 1-ஐப் பிடிக்கும் காவல் தூணாக, அதாவது தண்ணீர் புகுந்து வெளியேறும் நிரப்பிய குழாயாக, உங்கள் பொருள் நிற்கலாம். 10,000 லிட்டரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்றால் நாளுக்கு 10 கிராம்தான். கிராமுக்கு 15 மில்லிகிராம் பிடித்தால் 200 கிலோ படுகை 300 நாள் வரும்.

ராணிப்பேட்டைக்காரருக்கான ஒரு வரி இதுதான்: நீங்கள் இப்போது செய்வதை மாற்ற வேண்டாம், கடைசியில் ஒரு தூண் வையுங்கள், வாரியம் மாதிரி எடுக்க வரும் அன்று பயமில்லை.

ராணிப்பேட்டை ஈ.டி.பி. | 7 மார்ச் 2025

180 எப்படி 15 ஆச்சு?

பாலாற்றங்கரை | 7 மார்ச் 2025

180 என்பது லாங்மியூர் வளைவின் (கரைசலில் எவ்வளவு இருந்தால் பொடியில் எவ்வளவு ஒட்டும் என்று காட்டுவது) உச்சவரம்பு. நிறையக் குரோமியம் இருக்கும் கரைசலில்தான் அதை நெருங்கலாம். லாங்மியூர் மாறிலி மில்லிகிராமுக்கு 0.1 லிட்டர் என்று எடுத்தால், தண்ணீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் இருக்கும்போது பிடிமானம் 16. தண்ணீரில் 0.1 இருக்கும்போது 1.8 மட்டுமே. தூணில் மேல்படுகை உள்ளே வரும் தண்ணீரோடு சமநிலை அடைவதால் 16-ஐ ஒட்டிக் கணக்குப் போடலாம். அதிலும் அடிப்பகுதி நிறையும் முன்பே வெளியே கசியத் தொடங்கிவிடும், ஆகவே 15 என்பதே தாராளம். அதே பொடியைத் தொட்டியில் கொட்டிக் கலக்கினால் வெளியேறும் தண்ணீரின் 0.1-தான் சமநிலை, ஒன்பது மடங்கு பொடி வேண்டும். எனவே கலக்கும் தொட்டி வேண்டாம், தூண் மட்டுமே.

இது கூட பி.ஹெச். 2-இல் எடுத்த எண்களுக்கு. கைட்டோசானின் அமின் தொகுதி பி.ஹெச். 6.5-க்கு மேல் மின்சுமையை இழக்கும். குரோமேட்டை இழுக்க ஆளிருக்காது. சுண்ணாம்பு போட்டு வெளிவரும் தண்ணீர் 8-க்கு மேல் இருக்கும். அதில் சல்பேட்டும் நிறைய, அது குரோமேட்டின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இந்த வாரமே செய்ய வேண்டிய சோதனை: உண்மையான வெளியேற்று நீர், அதில் 1 மில்லிகிராம் ஏற்றியது, பி.ஹெச். 6, 7, 8 மூன்றிலும். 6-இல் பிடித்து 8-இல் விட்டால் தூணுக்கு முன் அமில டோசிங் ஒன்று வைக்க வேண்டும், அதன் செலவும் உங்கள் விலைப்பட்டியலில் வரும்.

பக்கத்திலேயே வணிக அயனி மாற்றுப் பிசின், வலுக்கார எதிரயனி வகை, ஒரு சிறு தூணில் அதே தண்ணீரில் ஓடட்டும். ஆய்வேடுகள் கரியோடு ஒப்பிட்டு நிறுத்திக்கொள்கின்றன. வாங்குபவர் ஒப்பிடுவது பிசினோடு.

பாலாற்றங்கரை | 9 மார்ச் 2025

பேட்டென்ட் பற்றித் தனி மடலில் கேட்ட இருவருக்கும் சேர்த்து.

வெளிவந்த கட்டுரையில் உள்ள பொடி இந்தியாவில் இனிப் புதுமை ஆகாது. பேட்டென்ட் சட்டத்தின் 31-ஆம் பிரிவு தரும் 12 மாத விலக்கு அரசு அறிவித்த கண்காட்சி, கற்றறிந்தோர் சங்கத்தில் படித்த கட்டுரை போன்ற சிலவற்றுக்கே. சாதாரண ஆய்விதழ்க் கட்டுரைக்கு அதை நம்ப முடியாது. ஐரோப்பாவில் வாசல் மூடியாயிற்று. அமெரிக்காவில் வெளியீட்டிலிருந்து ஓராண்டு உண்டு.

மணியாக உருட்டும் முறை இன்னும் வெளியே வரவில்லை என்கிறீர்கள். அப்படியானால் இரண்டாவது கட்டுரையை அனுப்புவதற்கு முன் தற்காலிக விண்ணப்பம் போடுங்கள். மாநாட்டுச் சுருக்கமும் சுவரொட்டியும் வெளியீடுதான். சோத்கங்கா என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் ஏறும் ஆய்வேடும் வெளியீடுதான். கல்வி நிறுவனத்துக்கும் தனிநபருக்கும் இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய். 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு. பரிசோதனைக் கோரிக்கை கொடுக்க முன்பு 48 மாதக் கெடு இருந்தது, 2024 விதிகளின்படி 31 மாதம். வெளிநாட்டில் போட நினைத்தால் இந்தியாவில் போட்டு ஆறு வாரம் காத்திருங்கள், அல்லது 39-ஆம் பிரிவின்கீழ் முன்னனுமதி வாங்குங்கள்.

3-ஆம் பிரிவின் (உ) உட்பிரிவு உங்களைக் குறிவைக்கும்: இரண்டு தெரிந்த பொருள்களைக் கலந்து, இரண்டின் குணமும் கூடியது என்று மட்டும் காட்டினால் நிராகரிப்பு. இரும்பு ஆக்சைடு தனி, கைட்டோசான் தனி, இரண்டையும் வெறுமனே கலந்தது, உங்கள் மணி, நான்குக்கும் ஒரே தண்ணீரில் எண்கள் வேண்டும். நான்காவது, வெறும் கலவையைத் தெளிவாகத் தாண்ட வேண்டும். கைட்டோசான் இறால் ஓட்டிலிருந்து வருவதால் படிவம் 1-இல் உயிரி வளம் பற்றிய உறுதிமொழியையும் கவனியுங்கள். அதற்கான தேசியப் பல்லுயிர் ஆணையம் சென்னையிலேயே இருக்கிறது.

உரிமை யாருக்கு என்பது நிறுவனத்தின் கொள்கையைப் பொறுத்தது. கம்பெனி பதிவு செய்வதற்கு முன், எந்தத் துறையில், எத்தனை ஆண்டு, என்ன ராயல்டி என்று எழுத்தில் ஓர் உரிமம் வாங்கிவிடுங்கள். கம்பெனி பெரிதான பிறகு அந்தப் பேச்சு கடினம். நெறியாளரும் கண்டுபிடிப்பாளர்தானா என்பதையும் இப்போதே பேசுங்கள். பெயரை மரியாதைக்காகச் சேர்ப்பதும் தவறு, கோபத்தில் விடுவதும் தவறு. இரண்டும் பின்னால் பேட்டென்டையே ஆட்டம் காண வைக்கும்.

பாலாற்றங்கரை | 15 மார்ச் 2025

ஐந்து கிராம் செய்த கை ஐந்து கிலோ செய்யும்போது என்னென்ன கெடும் என்று பார்ப்போம். இந்த இழையில் நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது இதைத்தான்.

இரும்பு உப்பில் அம்மோனியா ஊற்றும்போது பீக்கரில் காந்தக் கலக்கி ஒரு நொடியில் கலந்துவிடும். 50 லிட்டர் தொட்டியில் ஊற்றிய இடத்தில் பி.ஹெச். 11, எதிர் மூலையில் 3. துகள் அளவு கலந்துபோகும், சிவப்பு ஹைட்ராக்சைடும் சேர்ந்து படியும். துடுப்புக் கலக்கியின் அடியில் குழாய் வைத்து காரத்தைச் சொட்டவிடுங்கள். சேர்க்கும் நேரத்தைப் பீக்கரில் எடுத்ததைவிட நீட்டுங்கள். நைட்ரஜன் ஓட்டாமல் விட்டால் கறுப்பு மேக்னடைட் பழுப்பு மேக்ஹெமைட் ஆகும். அப்போது குறைக்கும் திறனும் மாறும், மார்ச் 4 குறிப்பில் சொன்ன கணக்கும் மாறும்.

கைட்டோசான் மூட்டைக்கு மூட்டை ஒன்றல்ல. அசிட்டைல் நீக்க அளவும் மூலக்கூறு எடையும் ஒவ்வொரு வரத்திலும் அளக்க வேண்டும். 1 சதவீத அசிட்டிக் அமிலத்தில் 2 சதவீதக் கரைசலின் பிசுபிசுப்பைக் குறித்துவைத்தாலே பாதி வேலை முடிந்தது. பிசுபிசுப்பு குறைந்தால் காரத்தில் விழும் சொட்டு தட்டையாகும், கூடினால் வாலோடு விழும்.

சிரிஞ்சில் ஒரு மணி நேரத்துக்குச் சில கிராம்தான் வரும். துளைத்தட்டு வைத்துப் பல சொட்டாக விழச் செய்யலாம். ஆனால் ஈர மணியில் பெரும்பகுதி தண்ணீர். உலர்த்தினால் சுருங்கி, துளைகள் மூடி, பிடிமானம் விழும். ஈரமாகவே விற்றால் பூஞ்சை பிடிக்கும், லாரியில் தண்ணீருக்கு வாடகை கொடுக்க வேண்டும். எத்தனை சதவீத ஈரத்தில் நிறுத்துவது என்பதுதான் உங்கள் உண்மையான தொழில் ரகசியம். அதைக் கட்டுரையில் எழுதாதீர்கள்.

மணி 2, 3 மில்லிமீட்டர் இருந்தால் குரோமேட் நடுவரை போக நேரம் எடுக்கும். பொடியாக இருந்தால் தூண் அடைத்துக்கொள்ளும். அரை முதல் ஒரு மில்லிமீட்டர் வரை முயலுங்கள்.

மணியை இறுக்கிக் கட்டும் குளூட்டரால்டிஹைடு குறைவாகப் போட்டால் அமிலத்தில் மணி கரையும். கூடுதலாகப் போட்டால் பிடிக்கும் அமின்களையே அது தின்றுவிடும், மிச்சம் தண்ணீரில் கசியும். கடைசிக் கழுவு நீரில் ஆல்டிஹைடு இருக்கிறதா என்று சோதித்துப் பொருளின் தகவல் தாளில் எழுதுங்கள்.

ஏ.ஆர். தர (ஆய்வகத் தூய்மையுள்ள) உப்பில் வந்த எண் கமர்ஷியல் தரத்தில் வராமல் போகலாம். விலைக் கணக்கை ஏ.ஆர். விலையில் போட்டால் பொருள் விலை போகாது, கமர்ஷியல் விலையில் போட்டு ஏ.ஆர். முடிவைக் காட்டினால் வாடிக்கையாளரிடம் பிடிபடுவீர்கள். இப்போதே மாறுங்கள்.

பாலாற்றங்கரை | 16 மார்ச் 2025

சேர்க்க மறந்த ஒன்று. ஒரு கிலோ மணி செய்ய எத்தனை லிட்டர் கழுவு நீர் போகிறது என்று அளந்து குறியுங்கள். ஆய்வகத்தில் பி.ஹெச். 7 வரும்வரை கழுவு என்று எழுதிவிடுகிறோம். வேலூரில் கோடையில் டேங்கர் தண்ணீர் வாங்கிக் கழுவுபவருக்கு அந்த ஒரு வரியே செலவின் பெரும்பகுதி.

ஆம்பூர் பினிஷிங் | 22 மார்ச் 2025

தோல் பக்கமே வேலை இல்லையென்று சொல்லிவிட்டீர்களே. எங்களுக்கு ஐரோப்பிய வாங்குநர் தோலில் ஆறு இணைதிறன் இருக்கிறதென்று லோடைத் திருப்புகிறார்.

பாலாற்றங்கரை | 22 மார்ச் 2025

டேனரித் தண்ணீரில் வேலை இல்லை என்றேன். நீங்கள் சொல்வது தோலுக்குள் நடப்பது, அதுவும் நல்ல சந்தை. உடலில் படும் தோல் பொருள்களில் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் ஆறு இணைதிறன் இருக்கக் கூடாது என்பது 2015 மே 1 முதல் ஐரோப்பிய விதி. போட்டது மூன்றுதான். ஆனால் நிறைவுறாக் கொழுப்பு எண்ணெய், வெப்பம், காரமான நடுநிலையாக்கல், வெயில் எல்லாம் சேர்ந்து ஒரு பகுதியை ஆறாக மாற்றும். சோதனை ஐ.எஸ்.ஓ. 17075. அதற்கு முன் 80 டிகிரியில் 24 மணி நேரம் முதுமையாக்கியும் பார்க்க வேண்டும், ஏனெனில் கப்பலில் போகும் பெட்டிக்குள் சூடு ஏறும்.

இதில் பொருள் ஆய்வாளர் விற்கக்கூடியது ஆக்சிஜனேற்றத் தடுப்பான். ஆனால் டேனரியின் அளவுமொழியில் பேச வேண்டும்: ஷேவ் செய்த (தடிமன் சீவிய) தோலின் எடையில் எத்தனை சதவீதம், எத்தனை நிமிடம் டிரம், எந்தப் பி.ஹெச்.சில், லிக்கரில் எவ்வளவு மிச்சம். கிராமுக்கு மில்லிகிராம் என்று ஆரம்பித்தால் டெக்னீசியன் எழுந்து போய்விடுவார். சோதனைக்கு ஒரே வெட் ப்ளூவை (குரோம் பதனிட்ட ஈரத் தோல்) முதுகுக்கோட்டில் இரண்டாக வெட்டுங்கள். இடப்பக்கம் உங்கள் பொருளோடு, வலப்பக்கம் இல்லாமல், மற்ற எல்லாம் ஒன்றாக. வேறு வேறு தோலை ஒப்பிட்டால் ஆட்டுக்கு ஆடு வித்தியாசமே உங்கள் முடிவை விழுங்கிவிடும். எது எந்தப் பக்கம் என்று சொல்லாமல் சிலரிடம் காட்டி நிறம், மென்மை, கிரெயின் (தோலின் மேற்பரப்பு) மூன்றையும் கேளுங்கள்.

இப்போது நோன்பு மாதம். ஏப்ரல் முதல் வாரத்துக்குப் பிறகு போங்கள். எப்போதுமே வெள்ளிக்கிழமை மதியம் வேண்டாம், ஜும்ஆ நேரம்.

பாலாற்றங்கரை | 11 ஏப்ரல் 2025

பட்டறையில் சோதனைத் தூண் வைக்க அனுமதி கிடைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். சுருக்கமாக:

ஆர்.ஓ. கடைகளில் கிடைக்கும் 13க்கு 54 அங்குல எஃப்.ஆர்.பி. (இழைக்கண்ணாடி பிளாஸ்டிக்) வெசல் சுமார் 100 லிட்டர் கொள்ளும். அதுவே பெரிது. முதல் சோதனைக்கு 4 அங்குல ஒளிபுகும் குழாய், 60 சென்டிமீட்டர் படுகை போதும், கிட்டத்தட்ட 5 லிட்டர். மணிக்கு 30 லிட்டர் விட்டால் படுகையில் தங்கும் நேரம் 10 நிமிடம். முன்னால் 5 மைக்ரான் கார்ட்ரிட்ஜ் வடிகட்டி கட்டாயம், சுண்ணாம்புப் படிவு மேல் அடுக்கைச் சிமெண்டாக்கிவிடும். மேலிருந்து கீழாக ஓட்டுங்கள். உள்ளே காற்று தங்காமல் வெளிக்குழாயைப் படுகை உயரத்துக்கு வளைத்து ஏற்றுங்கள். நாளுக்கு மூன்று வேளை மாதிரி, ஷிப்ட் மாறும் நேரம் கட்டாயம் ஒன்று.

பணம் ஒரு சிறு தொகையாவது வாங்குங்கள். இலவசமாக வைத்தால் தூண் மூலையில் காய்ந்து கிடக்கும். பில் போட்டால் வெண்டர் கோட் திறப்பார்கள், ஜி.எஸ்.டி. எண் கேட்பார்கள், அக்கவுண்ட்ஸ் ஆளும் உங்களைத் தெரிந்துகொள்வார். ஒரு பக்க ஒப்பந்தத்தில் மூன்று விஷயம்: மணியைப் பகுத்தாராயக் கூடாது, முடிவுகளைப் பெயர் சொல்லாமல் நீங்கள் பயன்படுத்தலாம், தீர்ந்த மணியை யார் எடுத்துப்போவது.

அந்த மூன்றாவதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். குரோமியம் ஏறிய மணி 2016 விதிகளின்படி அபாயக் கழிவாகலாம். டி.சி.எல்.பி. (கழிவிலிருந்து எவ்வளவு கசியும் என்று பார்க்கும் சோதனை) சாற்றில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் குரோமியம் தாண்டினால் கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற பாதுகாப்பு நிலநிரப்பலுக்குத்தான் போக வேண்டும். "நாங்களே எடுத்துக்கொள்கிறோம்" என்று வாய்விட்டால், எடுத்துப்போகவும் வைக்கவும் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் உங்களுக்கும் தேவை. காஸ்டிக் சோடாவில் கழுவி மணியை மறுபடி பயன்படுத்தலாம் என்றால், வெளிவரும் மஞ்சள் நீரைப் பட்டறையின் மெட்டாபைசல்பைட் தொட்டிக்கே திருப்பிவிடுங்கள். புதுக் கழிவோடை உருவாகாது. பத்துச் சுற்றாவது உண்மைத் தண்ணீரில் செய்து, ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு விழுகிறது என்று காட்டுங்கள்.

பாலாற்றங்கரை | 20 ஏப்ரல் 2025

பணம். சோதனைத் தூண் நிலைக்கு மத்திய அரசின் 'நிதி பிரயாஸ்' திட்டம், அதிகபட்சம் 10 லட்சம், அங்கீகரித்த இன்குபேட்டர் (புதுத் தொழில் வளர்ப்பு மையம்) வழியாக. மாநிலத் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனத்தின் புத்தாக்க வவுச்சரும் உண்டு. பிரயாஸ் விண்ணப்பத்தில் முன்மாதிரி என்ற இடத்தில் எழுத வேண்டியது மணி அல்ல, மணி நிரப்பிய தூண்.

ஆய்வாளரே முதலாளியாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ரியாக்டரும் வடிகட்டியும் உலர்த்தியும் வைத்திருக்கும் ரசாயனக் கம்பெனி ஒன்றுக்கு உரிமம் கொடுத்து, நீங்கள் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்தால் இரண்டு வருடம் மிச்சம். லித்தியம் கோபால்ட் ஆக்சைடு 1980-இல் ஆய்வகத்தில், 1991-இல் சோனியின் மின்கலத்தில். இடையில் வேலை செய்தவர்கள் கண்டுபிடித்தவர்கள் அல்லர். ஆறு மாதம் என்ற உங்கள் கணிப்பை, தூண் பழுதில்லாமல் ஓடும் முதல் ஆறு மாதம் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

காட்பாடி ஆய்வாளர் | 9 ஜூன் 2025

பி.ஹெச். 8-இல் பிடிமானம் 4-க்கு விழுந்தது. 6-இல் 13. அமில டோசிங் சேர்த்தாயிற்று, தற்காலிக விண்ணப்பமும் போட்டாயிற்று. ஒரு கேள்வி: டேனரிகளின் பொது சுத்திகரிப்பு நிலையத்திலும் மாதிரி எடுக்கச் சொல்கிறார் நெறியாளர், தலையிடும் உப்புகளைப் பார்க்க. இப்போது எடுக்கலாமா?

பாலாற்றங்கரை | 9 ஜூன் 2025

பக்ரீத் முடிந்து பச்சைத் தோல் குவியும் வாரங்கள் இவை. ஊறவைக்கும் நீரில் உப்பு உச்சத்தில் இருக்கும். இப்போது ஒன்று, ஆகஸ்டில் ஒன்று என்று இரண்டும் எடுங்கள். மோசமான தண்ணீரில் கிடைத்த எண்ணை விலைப்பட்டியலுக்கு வையுங்கள். இரண்டு லிட்டர் பாலித்தீன் புட்டி, கழுத்துவரை நிரப்பி, காற்றில்லாமல் மூடி, ஐஸ் பெட்டியில். மொத்தக் குரோமியத்துக்கான புட்டியில் மட்டும் நைட்ரிக் அமிலம் விட்டு பி.ஹெச். 2-க்குக் கீழே கொண்டுவாருங்கள். ஆறு இணைதிறனுக்கான புட்டியில் அமிலம் விடாதீர்கள், வழியிலேயே மூன்றாகக் குறைந்துவிடும். அன்றைக்கே அளந்துவிடுங்கள்.